அடுப்பு வழியாக ஒரு சுவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கொல்லிமலையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினியில் பிளான் வரையச் சொல்லித் தருகிறேன். ஒரு சாயங்காலம் லேபைப் பூட்டப் போனால் அருணா மட்டும் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் வீட்டுப் பிளான், குறுக்கே புதிதாக ஒரு சுவர். அது நேராக அடுப்பின் மேல் ஏறிப் போனது.

'பனி இறங்கும் கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் ஒரு மாணவி...' என்று கதையைத் தொடங்கிப் பார்த்தேன். சீ, எனக்கே கொட்டாவி வந்தது.

2

விஷயம் இதுதான். அருணாவின் அப்பா காளியண்ணனும் சித்தப்பா முருகானந்தமும் வீட்டைப் பிரிக்கிறார்கள். டேப் பிடித்தால் ஆளுக்கொரு கணக்கு வந்து சண்டை. கடைசியில் இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: "கம்ப்யூட்டர்ல பாப்பாவே கோடு போடட்டும், அது பொய் சொல்லாது."

(சொல்லாதுதான். ஆனால் அந்த வீட்டில் எந்த மூலையும் செங்கோணமாக இல்லை. வாசலிலிருந்து வீட்டைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு கேட்டால் கணினி அடுப்பைத்தான் காட்டுகிறது. பாடப்புத்தகத்தில் எல்லா வீடும் செவ்வகம். அதை எழுதியவர்கள் மலையேறி வந்ததில்லை போல.)

3

"சார், எங்கப்பா ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கறாருங்க. சித்தப்பா, 'கண்ணு, நீ எனக்கும் புள்ளதான'ங்கறாரு. நான் என்னங்க பண்றது?"

"சரிபாதியாப் போட்டுக் குடுத்துரும்மா. வேலை முடிஞ்சுது."

"அடுப்பு போயிருங்க சார். அம்மாவும் சித்தியும் அதுல ஒன்னாத்தான் ஆக்குறாங்க. அவங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லீங்க."

"அவங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"யாருங்க கேப்பாங்க?"

இந்த இடத்தில் ஆசிரியர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

4

முடிவு அ: அருணா பிளானை அழிக்கிறாள். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து... (அட போங்கப்பா!)

முடிவு ஆ: அப்பா சொன்னபடி தள்ளிப் போடுகிறாள். மறுநாள் மாதம்மாள் சித்தி அவளைப் பார்த்து... (எழுத மனசு வரவில்லை.)

முடிவு இ: அனுபவசாலியான ஆசிரியர் அருமையான யோசனை ஒன்று... (ஆசிரியரிடம் யோசனை இல்லை. முழங்கால் வலியும் மலையிலிருந்து கீழே ஊருக்கு இறங்கும் பஸ்ஸைப் பற்றிய கவலையும்தான் இருக்கின்றன.)

5

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அருணா அந்தச் சுவரை அழித்துவிட்டு, வாசல் பக்கம் மறுபடி ஒரு புள்ளி வைத்தாள். இந்த மென்பொருளில் இரண்டாவது புள்ளி வைக்கும்வரை கோடு மவுஸோடு ஒட்டிக்கொண்டே வரும், போகிற பக்கமெல்லாம் ஆடும். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே போட்டுருங்க சார். எனக்கு முடியலீங்க."

நான் உட்காரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

அதனால் நாற்காலி இப்போது உங்களுக்கு. மவுஸைப் பிடியுங்கள். சும்மா எழுந்து போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், காலையில் செங்கல் லாரி வருகிறது. நீங்கள் போடாவிட்டால் அவள்தான் போட வேண்டும். அவளுக்குப் பதினேழு வயது. கோடு போட்ட பிறகும் அவள் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.