வலமும் இடமும் சாய்ந்த பல்

அமெரிக்க ஊரான ராக்ஃபோர்டில் அந்த வாரம் முழுக்கப் பனி. டுவேன் கிரைண்டிங் செய்த பற்சக்கரங்களில் இரண்டை, தரம் பார்க்கும் அவன் அக்கா வெர்னா கோணல் என்று ஏற்கெனவே கழித்திருந்தாள். மூன்றாவதும் கழிந்தால் மெஷினை அவனிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு பெட்டி கட்டும் வேலைதான்.

அடுத்த சக்கரம் அளவு மெஷினின் தண்டில் இருந்தது. ஊசி முனை முதல் பல்லை நீளவாக்கில் தடவிப் போனது. திரையில் கோடு நேராக வர வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தது.

"சாய்ஞ்சிருக்குடா."

"உன் கண்ணு சாய்ஞ்சிருக்கு. சக்கரத்தைக் கழட்டி அரைச் சுத்து திருப்பி மாட்டு."

"வீட்டுலதான் அடம்னா இங்கயுமா?"

திருப்பி மாட்டினாள். அதே பல். கோடு இப்போது இடப்பக்கம் சாய்ந்தது.



"நேரத்துக்கு ஒரு பக்கம் சாய இது என்ன அரசியல்வாதியாக்கா?"

 வெர்னா சக்கரத்தைக் கழற்றி, வெறும் தண்டின்மேல் வளைவு காட்டும் டயல் கேஜை வைத்துச் சுழற்றினாள். முள் ஆடியது.

"தண்டு வளைஞ்சிருக்கு."

"அப்ப நான் செஞ்சது எல்லாம் நல்லது."

"தெரியல. காலையில ஒண்ணு நேரா வந்துச்சே."

"அதுவும் நான் செஞ்சதுதான்."

"வளைஞ்ச தண்டுல நல்ல சக்கரம் எப்படிடா நேரா வரும்?"



அவள் புதுத் தண்டு மாட்டினாள். கையில் இருந்ததையும் கழித்த இரண்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். மூன்றும் நேர்கோடு. காலையில் தேறியது பெட்டியில் இருந்தது. அதை எடுத்து வந்து கடைசியாக ஏற்றினாள். கோடு சாய்ந்தது. நம்பாமல் திருப்பி மாட்டினாள். அதே பக்கம், அதே அளவு. அந்தச் சக்கரமே கோணல். காலையில் தண்டின் வளைவு அதை நிமிர்த்திக் காட்டியிருந்தது.

"கழிஞ்சது மூணு இல்ல, ஒண்ணுதான். மெஷின் உன்கிட்டயே இருக்கும். போ."

அவன் போகவில்லை.

"அது ஒண்ணுதான்க்கா நான் பாத்துப் பாத்து செஞ்சது."

"மத்ததெல்லாம்?"

"ஹாக்கி கமென்ட்ரி கேட்டுக்கிட்டே ஓட்டினது."

வெர்னா அந்தச் சக்கரத்தில் கழிவுக்கான சிவப்புச் சீட்டைக் கட்டினாள். அடுத்த சக்கரத்தை எப்படிச் செய்வது என்று அவன் கேட்டான்.