பால் காய்ச்சும் நாள் வரை

எங்கள் ஊரில் எல்லோருக்கும் கோபம் வந்துவிடாது. வராதவர்கள் என்னிடம் வந்து வாங்கிக்கொள்வார்கள். கத்துவது நான். வியர்ப்பது அவர்களுக்கு. முப்பது வருடமாக இதுதான் தொழில்.

முதலில் ஃப்ரீலான்ஸாகத்தான் செய்தேன். காலையில் ரேஷன் கடை வரிசையில் ஒரு டீச்சரம்மாவுக்காக ஐந்து நிமிடம். பத்தரைக்கு, அடுத்த வீட்டு வாசலில் குப்பையைத் தள்ளும் ஆளிடம் அந்த வீட்டுக்காரருக்காகக் கால் மணி. பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நடுவில் சொந்தமாகவும் கோபப்படலாம். என் சொந்தக் கோபத்தைக் காலைக் காப்பிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மனைவி ஆவுடையம்மாள் போடுகிற காப்பி. ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

எழுபத்திரண்டு வயதில் வெயிலில் அலைந்து சில்லறைக் கோபம் பட முடியவில்லை. அப்போதுதான் நெல்லைநாயகம் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீடு கட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் இசக்கியிடம் வேலை எப்போது முடியும் என்று கேட்பார். கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டுவிடுவார்.

"அண்ணாச்சி, ஒப்பந்தமா எழுதிக்கிடுவோம். வீட்ல பால் காய்ச்சுத நாள் வரைக்கும் ஒங்க கோவம் எனக்கு மட்டும்" என்றார்.

ஒப்பந்தம் வேறு, ஃப்ரீலான்ஸ் வேறு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஆள், ஒரே வேலை, எல்லாம் எழுத்தில். எதற்குக் கோபப்பட வேண்டும் என்று அவர் சொல்லலாம். எப்படி என்று சொல்ல முடியாது. தொண்டை என்னுடையது, உதறிப் போடுகிற துண்டும் என்னுடையது. அதற்காக இது உத்தியோகமும் இல்லை. லீவும் போனஸும் யாரும் தரமாட்டார்கள். முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்குள் வயிற்றில் ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காப்பி ஆறிப்போய் வந்தது. குடித்தேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஆவுடை கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

அடுத்த நாள் சர்க்கரை இல்லை. அதற்கடுத்த நாள் உப்பு இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தன.

வேலை இடத்தில் கோபம் ஒழுங்காகவே வந்தது. நான் கத்தினேன். நெல்லைநாயகம் பக்கத்தில் நின்று வியர்த்தார். சுவர் எழுந்தது, கூரை வந்தது. அடுப்பு மேடையில் ஒரே ஒரு டைல்ஸ் மிச்சம் இருந்தபோது இசக்கி சுதாரித்துக்கொண்டார். தவசி என்று ஒருவனைக் கூட்டிவந்து கவிழ்த்துப் போட்ட சாந்துச் சட்டிமேல் உட்காரவைத்தார். திட்டு வாங்கிக்கொள்வது அவன் தொழில். அவனுக்கும் பால் காய்ச்சும் நாள் வரை ஒப்பந்தம்.

அதன்பிறகு நான் இசக்கியைத் திட்டினால் தவசிதான் தலைகுனிந்தான். இசக்கிக்கு உறைக்கவில்லை. பீடி பற்றவைத்தார்.

"எப்பவே முடியும்?"

"வெள்ளிக்கெழம அண்ணாச்சி."

"எந்த வெள்ளி?"

"அத தவசிகிட்ட கேளுங்க."

தவசி இன்னும் கொஞ்சம் குனிந்தான். நல்ல தொழில்காரன்.

ஏழு வெள்ளி போனது. ஒருநாள் காலை ஆவுடை காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். காப்பி மேலே கடுகு மிதந்தது.

"நாப்பத்தாறு வருசம். ஒருநாளாவது பேசாமக் குடிச்சிருக்கியளா? இப்ப தாளிச்சுக் குடுத்தாலும் நல்லாருக்குங்கிய. வீட்ல யாரோ அசலூர் ஆளு வந்து உக்காந்திருக்க மாதிரி இருக்கு. நான் என்ன செஞ்சேன் ஒங்கள?"

கண் நிறைந்திருந்தது. அவளுக்காக ஒரு வார்த்தையாவது திட்டிவிடவேண்டும் என்று முயன்றேன். துண்டை உதறினேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

"ஏன் இன்னும் டைல்ஸ் பதிக்கல?" என்றுதான் வந்தது.

"நானா பதிக்கணும்?" என்றாள்.

வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கத்தையும் படித்தாள். ஒப்பந்தக் காலத்தில் வேறு எவர்மீதும் எதன்மீதும் கோபம் வராது என்று இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"பால் காய்ச்சுத நாள் வரைன்னு இருக்கு. வீடு முடிஞ்சிருக்கணும்னு இல்ல. யாரு காய்ச்சணும்னும் இல்ல."

ஸ்டவ்வையும் ஒரு லிட்டர் பாலையும் எடுத்துக்கொண்டு நெல்லைநாயகத்தின் புது வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். டைல்ஸ் இல்லாத இடத்தில் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தது. சட்டைப் பையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தை மட்டும் காணோம்.

நெல்லைநாயகத்துக்கு ஒரு தம்ளர் பால் கொடுத்தாள். குடித்தார். கோபப்படவில்லை. அவருக்குத்தான் வராதே.

மிச்சப் பாலில் காப்பி போட்டு, என் கண்ணெதிரே ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டு நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தேன்.

"இது காப்பியா? இல்ல, கருவாடு ஊறவச்ச தண்ணியா? நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள்..."

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆனது. நெற்றி வியர்த்தது. என்னுடைய நெற்றி. ஆவுடை முந்தானையால் துடைத்துவிட்டாள். "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. சொன்னேன்.

திட்டவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை என்று ஆனதும் இசக்கி பத்து நிமிடத்தில் டைல்ஸை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். தவசி மட்டும் சட்டியின்மேலேயே இருந்தான். பழக்கத்தில் தலை குனிந்தே இருந்தது.

"நீ நம்ம வீட்டுக்கு வந்துரு தவசி" என்றாள் ஆவுடை. "பேப்பர் லேட்டு, மூக்குக்கண்ணாடியக் காணோம், குழாயில காத்து வருது, எல்லாம் ஒனக்கு. காப்பி மட்டும் எனக்கு."

"ஃப்ரீலான்ஸா, ஒப்பந்தமாம்மா?"

"ஒப்பந்தந்தான். இவுக என் காப்பிய நல்லாருக்குன்னு சொல்லுத நாள் வரைக்கும்."

தவசி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப இது ஒப்பந்தம் இல்லம்மா, நிரந்தர உத்தியோகம்" என்றான். "லீவு உண்டா?"

ஞாயிற்றுக்கிழமை உண்டு என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பேப்பர் இன்னும் வரவில்லை. ஆரம்பித்தேன்.