கத்தல் பாடம்

இரண்டாம் வகுப்பு மிஸ்ஸுக்கு ஒரு தம்பி. எலும்பும் தோலுமாக நெடுநெடுவென்று வளர்ந்தவன்; வீட்டில் அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் அவன் முகம் யாருக்கும் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

கொஞ்ச காலமாகவே அந்த வட்டாரத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாகப் பேச்சு. முதலில் வெள்ளை வேன் என்றார்கள், பிறகு அது கறுப்பு வேன் ஆயிற்று. இரண்டு பேர் என்றார்கள், அது குட்டி போட்டு ஒரு கூட்டமே ஆயிற்று. இத்தனைக்கும் எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. அதை எடுத்துச் சொன்னவர்களுக்கு, "உங்க புள்ள போனாத்தான் உங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யார் வாயைத் திறப்பார்கள்? பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பொழுது விடிந்தால் ஒரு குரல் பதிவு, சாய்ந்தால் ஒரு குரல் பதிவு. அந்தக் குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். ஊசி போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு மென்மையான மனுஷன். அவரே ராத்திரி தூக்கம் இல்லாமல்தான் இருந்தார். அவருடைய மகள் இந்த மிஸ்ஸின் வகுப்பில்தான் படித்தாள். எதைச் சொன்னாலும் 'ஏன் மிஸ்?' என்று மறித்துக் கேட்பதால் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பட்டப்பெயர்.

பெற்றோர் பயந்தால் பள்ளிக்கூடம் சும்மா இருக்க முடியுமா? கேட்டை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள். ஆபத்து என்றால் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதி போட்டார்கள். எல்லோரும் பெரிய மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள், பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பாடத்தையும் கொண்டுவந்தார். யாராவது பயமுறுத்தினால் அவரை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். வயிற்றிலிருந்து கத்த வேண்டும். நல்ல தொண்டை என்பதால் கத்தச் சொல்லிக் கொடுக்கும் வேலை இரண்டாம் வகுப்பு மிஸ்ஸின் தலையில் விழுந்தது. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். கத்தினால் அடி விழும் இடத்தில் கத்தச் சொன்னால் விடுவார்களா? கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள்.

ஆனால் பெற்றோருக்கு அதுவும் போதவில்லை. "இங்க கத்துதுங்க சரி, நிஜமா ஒருத்தன் மிட்டாயை நீட்டினா கத்துமா?" என்று கேட்டார்கள். பெரிய மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு ஆளை நிறுத்திப் பாத்துடுவோம் மிஸ்" என்றார். "யாருக்கும் தெரியாத முகமா இருக்கணும். பெத்தவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. சொன்னா வீட்லயே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துடுவாங்க."

"வாட்ச்மேன்கிட்டயாவது சொல்லிடலாமா மேடம்?"

"அவர்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணு. ரெண்டு நிமிஷ வேலை, யாருக்கு என்ன ஆகப் போகுது?"

மிஸ்தான் வாயைக் கொடுத்தாள். "என் தம்பி வந்திருக்கான் மேடம், வேணும்னா அவனைக் கேக்கறேன்."

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னைப் பாத்தா புள்ள பிடிக்கிறவன் மாதிரியா இருக்கு அக்கா?"

"உன்னைப் பாத்தா புள்ளைங்கதான் உன்னைத் தூக்கிட்டுப் போகும். மிட்டாயை நீட்டு, வான்னு கூப்பிடு, வரலைன்னா நடையைக் கட்டு. அவ்வளவுதான்டா."

பள்ளி விடுகிற நேரம். கேட்டுக்கு உள்ளே இரண்டாம் வகுப்பு வரிசையாக நின்றது. வெளியே பைக்குகளும் குடைகளுமாகப் பெற்றோர் கூட்டம். தம்பி கொஞ்சம் தள்ளி, விளக்குக் கம்பத்தோடு கம்பமாக நின்றான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெளியே போனதும் அவன் குனிந்து மிட்டாயை நீட்டியதை மிஸ் பார்த்தாள். பையன் வாங்கிக்கொண்டான், "தேங்க்ஸ் அங்கிள்" என்றான், ஓடிவிட்டான். கத்தவே இல்லை. இத்தனை நாள் கத்தியது எல்லாம் தண்டமா என்று மிஸ்ஸுக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போது கையில் இருந்த போன் அதிர்ந்தது. மிஸ்களையும் சேர்த்திருந்த அந்தப் பெற்றோர் குழுவில் ஒரு படம். தம்பிதான். வாயைப் பாதி திறந்து, கண்ணைப் பாதி மூடி, அசட்டு முகத்தோடு மிட்டாயை நீட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. 'இவன்தான். நம்ம கேட் முன்னாடியே. எல்லாரும் வாங்க. விட்டுடாதீங்க.'

'அவன் என் தம்பி' என்று தட்டினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். அவள் அனுப்புவதற்குள் மேலும் மேலும் வந்து விழுந்த பதிவுகளுக்கு அடியில் அது புதைந்துபோனது. ஒரே ஒருவர் பதில் போட்டார்: 'மிஸ் நம்பரை அந்தக் கும்பல் பிடிச்சிட்டாங்க போல. உஷார்.' அடுத்த நொடி குழுவிலிருந்து அவளையே நீக்கிவிட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். விளக்குக் கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. தம்பி எப்போதும் போலப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிஜமாகப் பயம் பிடித்தது. பயப்பட வேண்டிய இடம் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லையே! யாரோ அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்கள். வாட்ச்மேன் விதிப்படி கேட்டைப் பூட்டினார். விதிப்படியே சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவளும் பின்னாலேயே பெரிய மேடத்தின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், சாவி குடுங்க. அவனை அடிக்கிறாங்க."

பெரிய மேடத்தின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கி வைத்திருந்தார். "போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்துடுவாங்க. கேட்டைத் திறந்தா கூட்டம் உள்ள வந்துடும். இத்தனை புள்ளைங்க இருக்கு."

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நாமதான் நிறுத்தினோம்னு சொல்லுங்க."

"இப்ப போய்ச் சொன்னா நம்புவாங்களா? நாமளும் அந்தக் கும்பல்னு சொல்லிப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திடுவாங்க, மிஸ்." சாவியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு."

அந்த அம்மாள் சொன்னதில் பொய் இல்லை. மேஜை மேலே இருந்த தண்ணீர்க் குவளையைத் தூக்கி, குடிக்காமலே வைத்துவிட்டார். ஆனால் மற்றவர்களின் பயத்துக்கு நின்று ஆறுதல் சொல்ல மிஸ்ஸுக்கு ஏது நேரம்? திரும்ப ஓடினாள்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அவன் என் தம்பி! விடுங்க! என் தம்பி!" ஓரமாக நின்ற ஒரு தாய் திரும்பி, பரிவாகவே சொன்னாள். "மிஸ், நீங்க புள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்." எல்லோரும் தெரிந்த முகங்கள். ஆசிரியர் தினத்தன்று பூங்கொத்து கொடுத்தவர்கள். ஆட்களின் கால்களுக்கு நடுவே தம்பியின் நீளக் கால்கள் தெரிந்தன. ஒரு செருப்பு இல்லை. பல் டாக்டர் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். 'அப்பாடா, இவர் ஒருத்தராவது தடுப்பார்' என்று நினைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தம்பியை ஓங்கி அடித்தார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தம்பி இருக்க மாட்டான் என்பது மட்டும் தெரிந்தது. பின்னால் பிள்ளைகள் வரிசை கலையாமல், என்ன ஏது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றன. அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கத்துங்க!" என்றாள். "எல்லாரும் கத்துங்க!"

குட்டி வக்கீல்கூட ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் வயிற்றிலிருந்து கத்தினார்கள்.

வெளியே ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. தன் பிள்ளையின் குரலைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா? கீழே கிடந்தவனை விட்டுவிட்டு எல்லோரும் கேட்டை நோக்கி விழுந்தடித்து ஓடிவந்தார்கள். யார் உள்ளே புகுந்தது, எவன் தொட்டான் என்று தேடினார்கள். உள்ளே யாரும் இல்லை. பிள்ளைகள்தான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, சொல்லிக் கொடுத்தபடியே கையை நீட்டிக்கொண்டிருந்தன. நீட்டிய கை எல்லாம் அவர்களை நோக்கித்தான் இருந்தது. பல் டாக்டர் தன் மகளின் விரல் காட்டும் பக்கம் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒருவரும் நிற்கவில்லை. எல்லோருக்கும் பின்னால், தெருவில், ஒட்டடைக்குச்சி தன் தலையைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தான்.

"அவன் என் தம்பி" என்று மிஸ் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெரிய மேடம் வந்து, மென்று விழுங்கி, சோதனை விஷயத்தைச் சொன்னார். கேட் திறந்தது. சற்று முன் உதைத்தவர்களே தண்ணீர் கொண்டுவந்தார்கள், விசிறினார்கள், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்தார்கள். போலீசுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கும்போது தம்பி கண்ணைத் திறந்து அவளைத் தேடினான். "அக்கா, நீயும் வா. என்னைத் தனியா விடாத." காதோரம் ரத்தம் நிற்காமல் வழிந்தது.

அவளால் நகர முடியவில்லை. குட்டி வக்கீல் அவளுடைய முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே பல் டாக்டர். சட்டை முன்பக்கம் சிவப்பாகத் தெறித்திருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

குழந்தை இன்னும் பின்னால் ஒதுங்கினாள். "மாட்டேன். மிஸ், நான் மாட்டேன்."

"யாராவது கூட வர்றதுன்னா ஏறுங்க, நேரம் ஆகுது" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

தெரியாதவர்களைக் கண்டு கத்துவதற்குத்தான் மிஸ் பாடம் எடுத்திருந்தாள். தெரிந்தவரைக் கண்டு பயந்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெண்ணின் அம்மா எங்கே, வேறு மிஸ் யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் முன்னால் வரவில்லை. வண்டிக்குள் தம்பி மறுபடியும் அக்கா என்றான்.

"அப்பாதானேடா கண்ணு. பயப்படாத, போ" என்றாள். அவள் நாக்கே அவளுக்குக் கசந்தது. அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

கதவு சாத்துவதற்குள் குட்டி வக்கீல் அப்பாவின் மார்பை நோக்கிக் கையை நீட்டி, வயிற்றிலிருந்து கத்தினாள். தெரு நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் ஓடி வரவில்லை. "விடுங்க, அவங்கப்பாதானே" என்று யாரோ சொன்னது மிஸ்ஸுக்கு வண்டிக்குள் கேட்டது.