முதுகுப் பக்கம் ஒரு படம்

அம்மா கேட்டது ஒரே ஒரு படம்தான்.

"முன்னாடி எல்லாம் பாத்தாச்சு. கோட்டுக்கு முதுகு எப்படி விழுந்திருக்குன்னு தெரியணும். அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தனை விட்டு பின்னாடியிருந்து ஒண்ணு எடுக்கச் சொல்லு."

அம்மா முப்பது வருடமாகப் பெண்களுக்குப் பிளவுஸ் தைக்கிறவள். ஆண்களுக்கு ஒரு கைக்குட்டைகூட ஓரம் அடித்ததில்லை. நான் படிக்க வந்த ஊரில் குளிர் அதிகம் என்று தெரிந்ததும், என் பழைய சட்டையை அளவுக்கு வைத்துக்கொண்டு, முதல் தடவையாக ஒரு கோட்டு தைத்து அனுப்பியிருந்தாள். வெளியே கரும் பழுப்பு. உள்ளே லைனிங்குக்கு, யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வராத பிளவுஸ் துணி. நல்ல மாம்பழ மஞ்சள். பொத்தானைப் போட்டுவிட்டால் அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

படம் எடுப்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் அந்தப் பிள்ளைகளில் இருந்தது. அப்படி யாரும் கிடையாது.

மூன்றாம் வகுப்பில் நான் தினமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன் என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்று பிடித்த பயம் அவளுக்கு. காய்ச்சல், பரீட்சைக் கவலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கே வந்த முதல் வாரம், "பேச்சுத் துணைக்கு யாராச்சும் இருக்காங்களாடா?" என்று கேட்டபோது அவள் குரலில் அந்தத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. "மூணு பேர் இருக்காங்கம்மா" என்றேன்.

பேர் என்ன என்றாள். சட்டென்று பேர் வரவில்லை. பட்டப்பேர்தான் வந்தது. நெட்டை, சோடாபுட்டி, தூங்குமூஞ்சி. அம்மா சிரித்துவிட்டாள். நெடுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. அதோடு நான் மாட்டிக்கொண்டேன். பொய்யைப் பெற்றால் போதாது, வளர்க்கவும் வேண்டும். "சோடாபுட்டிக்குப் பல்வலி தேவலையா?" என்பாள். பல்வலி என்று எப்போது சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் முன்னால் மூன்று பேரும் சாப்பிட்டார்களா என்று தனித்தனியாக விசாரிப்பாள். நானும் அவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வைப்பேன்.

சனிக்கிழமை நாலு பேருமாகச் சுற்றுலா போகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

பஸ்ஸில் முப்பத்தேழு பேர். கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் இரண்டிரண்டாக விரலால் எண்ணிக்கொண்டு வந்து, என்னிடம் வந்ததும் ஒற்றை விரலை நீட்டி நிறுத்தினாள். எனக்குப் பக்கத்து சீட்டில் என் பை உட்கார்ந்திருந்தது.

முதலில் ஒரு பழைய கோட்டை. எல்லாரும் பீரங்கி மேல் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கூட்டம் நகரும் வரை காத்திருந்து, மதில் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, பத்து விநாடி நேரம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் முதுகைக் காட்டி நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் போன் மல்லாந்து கிடந்தது. படத்தில் வானம். மறுபடியும் வைத்தேன். இந்தத் தடவை ஒரு புறா வந்து நடுவில் நின்றது. அதன் முதுகு நன்றாக விழுந்திருந்தது.

அடுத்தது செடிகள் வளர்க்கும் கண்ணாடி மாளிகை. அங்கே வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். கேட்டுவிடலாம் என்று நெருங்கினேன். என் வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முகம் மலர்ந்து தன் போனை என் கையில் கொடுத்துவிட்டாள். நாலு படம் எடுத்துக் கொடுத்தேன். கணவர் கண்ணை மூடிவிட்டார் என்று ஐந்தாவதும் எடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். என் வாக்கியம் அப்படியே உள்ளே இருந்தது. மூன்று மாதமாக அது மாதிரி நிறைய வாக்கியங்கள் உள்ளேயே இருந்தன. நூலகத்தில், துணி துவைக்கும் அறையில், வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரனிடம். கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

கடைசியாக ஏரி. கரையில் மரப்பலகை போட்ட நீண்ட மேடை. காற்று அடித்ததால் எல்லாரும் சூடாகக் குடிக்க எதையோ தேடிக் கடைக்குள் போய்விட்டார்கள். பஸ்ஸின் மேல் சாய்ந்துகொண்டு டிரைவர் மட்டும் வெளியே நின்றிருந்தார். கனத்த மனிதர். என் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி எனக்கு அரைகுறை. புறப்பட இருபது நிமிடம்தான் இருந்தது. போனை நீட்டினேன்.

மேடைக்குப் போய் ஏரியைப் பார்த்து நின்றேன். பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டார். திரும்பினேன். திரும்பி நில், முகத்தைக் காட்டு என்று கையால் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதுகைக் காட்டினேன். மறுபடியும் சத்தம். முதுகைத் தட்டிக் காட்டி, "இதுதான், இதுதான்" என்றேன், தமிழிலேயே. அவர் சிரித்துவிட்டார். பிறகு நடந்து என்னிடம் வந்து, பஸ்ஸில் உட்கார்ந்து சுருண்டுபோயிருந்த கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, தோளில் ஒரு தட்டு தட்டி நேராக்கினார். இங்கே வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிதானமாகப் பின்னால் போனார். நான் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

படம் நன்றாக வந்திருந்தது. அதுதான் வினை. மனிதர் ரொம்பத் தள்ளிப் போய் எடுத்திருந்தார். மேடை முழுக்கத் தெரிந்தது. ஐந்து காலி பெஞ்சுகள், தண்ணீர், நடுவில் நான். பஸ்ஸில் ஏறியதும் நாலு பக்கமும் வெட்டி, கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் வைத்து அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கீழ் மடிப்பு தெரியலையேடா. முழுப் படத்தை அனுப்பு."

"அவ்வளவுதாம்மா எடுத்தான்."

"யாரு?"

"நெட்டை."

"வெட்டி அனுப்பியிருக்கே. வெட்டினது எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா வெட்டறேன்!"

"இல்லம்மா..."

"ஏன் சத்தமே இல்ல அங்க? பிள்ளைங்க எங்க?"

"தூங்கறாங்க."

"மூணு பேருமா? தூங்குமூஞ்சி சரி, மத்தவங்களுக்கு என்ன?"

முழுப் படத்தையும் அனுப்பினேன்.

மெஷின் நின்றது. பக்கத்தில் அப்பா பேசுவது கேட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிளவுஸ்களுக்குக் கொக்கி தைப்பது அப்பாவின் இலாகா. "என் முதுகை எப்போ படம் புடிச்சே?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. "சும்மா இருங்க" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி முடிந்து, வேலிகள் வந்து, அதுவும் முடிந்தது. அவள் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தையும் எண்ணிவிட்டிருப்பாள்.

"இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்றாள். "தப்பு கோட்டுல இல்ல. பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டறே."

"ம்."

"எடுத்தது யாருடா?"

"பஸ் டிரைவர்."

"நல்லா எடுத்திருக்காரு. மடிப்பு நேரா தெரியுது."

"அவர்தாம்மா இழுத்துவிட்டாரு."

"ம்... தெரிஞ்சவரா?"

"இல்ல."

இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். நெட்டை சாப்பிட்டானா, சோடாபுட்டி சாப்பிட்டானா. கேட்டால் ஆமாம் என்று சொல்லவும் தயாராகத்தான் இருந்தேன். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"நீ சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லம்மா."

"சரி. போனை வெச்சிடாதே. எனக்கு இன்னும் ரெண்டு பிளவுஸ் இருக்கு. நீ பேச வேண்டாம். சும்மா அப்படியே இரு."

மெஷின் ஓடத் தொடங்கியது. கை வருகிற இடத்தில் மெதுவாகும். பக்கத் தையலில் ஒரே ஓட்டம். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். மலைப்பாதை வந்ததும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இரண்டாவது பிளவுஸின் நடுவில் எங்கேயோ அறுந்துபோனது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

பஸ் நின்றபோது வழிகாட்டிப் பெண் வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணி இறக்கினாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தன் முதுகைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். இறங்கி, பையை வலது தோளில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் பழக்கமில்லாததால் அது வழுக்கிக்கொண்டே வந்தது. அறைக்குப் போகும் வரை பிடித்துக்கொண்டே நடந்தேன்.