முளைப்பாரி தூக்கிய நாள்

முளைப்பாரிக்குக் காப்புக் கட்டிய ஐந்தாம் நாள், மாயக்காள் அக்கா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. பாளையம்பட்டி எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம்தான். செருப்பை மாட்டினேன்.

அம்மா வாசலை மறித்தாள். “கையில காப்ப வச்சுக்கிட்டு எழவு வீட்டுக்குப் போவியாடி? பாரி அழுகிப்போச்சுன்னா ஊரு நம்மளத்தான் காறித் துப்பும்.”

“மொகத்த மட்டும் பாத்துட்டு வந்துர்றேம்மா.”

“போகவும் கூடாது, கண்ணீரு விட்டு அழுகவும் கூடாது. பாரிக்கு ஆகாது.”

மாயக்காள் அக்கா எங்களுக்கு உறவில்லை, முன்பு எங்கள் ஊரில் இருந்தவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தபோதுதான், லாரி ஓட்டப் போன அவள் புருஷன் பந்தல்குடி ரோட்டில் செத்தார். அவள் காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு ஓடினாள். அந்த வருடம் மழை இல்லை. ஊர் அவளைத்தான் குற்றம் சொன்னது. பிறகு அவளைச் சட்டி எடுக்க விடவில்லை. பாளையம்பட்டிக்குக் குடிபோய், டீக்கடையில் பாத்திரம் கழுவினாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் வந்து கோயில் வாசலைக் கூட்டுவாள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய நான், பேச ஆளில்லாமல் அவளோடு சேர்ந்து கூட்டப் போனேன்.

“சாமி மேல கோவமே வரலயாக்கா?”

“வராம? மூணு மாசம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலயே. பெறகு பாத்தா, திட்டுறதுக்குக்கூட அவள விட்டா எனக்கு ஆளு இல்ல.” சிரித்தாள். “ஆமா, என்கிட்ட இம்புட்டுப் பேசுற. மத்த நேரம் வாய வாடகைக்கு விட்டுருவியா?”

கும்பிடும்போது அவள் எதையும் கேட்க மாட்டாள். வந்திருக்கேன் என்று மட்டும் சொல்வாள்.

போன் வந்த அன்று, அவளைப் போலவே நானும் காப்பை அவிழ்த்து வைத்துவிடலாம் என்று கோயில்வரை போனேன். பூசாரி சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். “என்னத்தா?”

சும்மா கும்பிட்டேன். திரும்பிவிட்டேன். நான்கு மணிக்கு எரித்துவிட்டார்களாம். அப்போது நான் பாரி வளர்க்கும் வீட்டு இருட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ஊர்வலத்தில் என் பாரிதான் எல்லாவற்றையும் விட உயரம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாரி கரைக்கக் கண்மாய்க்குத் திரும்பும் முக்கில் பாளையம்பட்டி பஸ் எங்களைக் கடந்து போனது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கி, அழுகை வெடித்தது.

“முருகலட்சுமி மகளுக்கு அருள் வந்திருச்சு!”

குலவை எழுந்தது. மேளம் வேகமெடுத்தது. யாரோ பாரியை இறக்கி வாங்கினார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பூசாரி முன்னால் வந்து கும்பிட்டார்.

“யாரு தாயி வந்திருக்கது? என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லு.”

“பாளையம்பட்டிக்குப் போகணும்.”

“அங்க என்ன தாயி இருக்கு?”

அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் காரணம் தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூசாரி என் நெற்றியில் திருநீறு அள்ளிப் பூசினார். பாரியைத் திரும்பத் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

கண்மாய்வரை சத்தம்போட்டு அழுதுகொண்டே நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் கும்பிட்டபடி வழி விட்டார்கள்.