மல்லாந்து, குப்புற, அப்புறம்

மல்லாந்து படுத்து எடுத்த படத்தில், குடலின் இடப்பக்க வளைவில் ஒரு பருப்பளவு மேடு இருந்தது. குப்புறப் படுத்து எடுத்த படத்தில் அந்த வளைவையே காணோம். வயிற்றின் கனம் அழுத்தி, காற்றுப் போன டியூப் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

ஸ்கேன் எடுக்கும் பெண் இதைச் சொன்னதும் பஞ்சர்கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறவ நான். எனக்கு அடிச்ச காத்து நிக்கலையா?"

"சிரிக்காதீங்கக்கா, இருக்கறதும் வெளிய வந்துடும்."

"வந்தா வரட்டும். உன் மெஷினுக்கு மூக்கா இருக்கு?"

சுருங்கிக் கிடக்கும் குடலுக்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று எந்தக் கதிராலும் பார்க்க முடியாது. அதனால்தான் பின்வழியாக மெல்லிய குழாய் வைத்துக் காற்றேற்றி விரிக்கிறார்கள். முந்தின நாளே பேதி மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவி, மிச்சமிருக்கும் கழிவு படத்தில் வெள்ளையாகத் தெரிய ஒரு திரவமும் குடிக்க வைக்கிறார்கள். அப்படியும் சில துணுக்குகள் வெள்ளையாகாமல் தப்பிவிடும். அதற்குத்தான் இரண்டு விதமாகப் படுக்க வைப்பது. கழிவென்றால் உடம்பு புரண்டதும் அதுவும் புரண்டு கீழே விழும். சதையென்றால் முளைத்த இடத்திலேயே நிற்கும். காலையிலிருந்து நச்சரித்து நச்சரித்து இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். இப்போது ஒரு படம்தான் பேசுகிறது. மற்றது வாயை மூடிக்கொண்டது.

டாக்டர் பக்கத்து அறையிலிருந்து வந்தார். "கழிவாவும் இருக்கலாம், சதையாவும் இருக்கலாம். இன்னொரு நாள் வயித்தைச் சுத்தம் பண்ணிட்டு வாங்கம்மா."

திறந்த கதவில் அவள் கணவர் தலையை நீட்டினார். "அதான் கழிவுன்னு சொல்லிட்டாங்களே! ஒரு வலி இல்ல, நோவு இல்ல. நல்லா இருக்கற உடம்பை ஏன் நோண்டிக்கிட்டு? எந்திரி, போலாம்."

குடல் புற்றில் போன அவளுடைய அண்ணனும் வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். வலி வந்தபோது சாவும் கூடவே வந்திருந்தது. மேடு புற்றாக மாறப் பல வருஷம் ஆகுமாம். அத்தனை வருஷமும் அது வாயே திறக்காதாம். இந்தக் கட்டிலில் வந்து படுக்கவே ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள்.

"நான் எந்திரிக்கமாட்டேன்."

"என்ன அடம் இது?"

"அடம்தான். ரெண்டுல ஒண்ணு தெரியற வரைக்கும் இந்தக் குழாயோடவே கிடப்பேன். நீங்க போய்க் கடையைத் திறங்க."

"எனக்கு டயரைக் கழட்டவே தெரியாதே!"

"தெரியாதில்ல? அப்ப நான் நூறு வருஷம் இருந்தாகணும். அதுக்குத்தான் படுத்திருக்கேன்."

ஸ்கேன் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவளைப் பார்த்தாள். கையைக் கவிழ்த்தாள், பிறகு பக்கவாட்டில் சாய்த்தாள்.

"டாக்டர், வலப்பக்கமா ஒருக்களிச்சுப் போட்டா? கனம் விலகிடும். இடப்பக்கம் மேல வந்துடும்."

டாக்டர் யோசித்தார். "செய்யலாம். அந்த இடத்தை மட்டும் எடு. கதிர் இன்னும் கொஞ்சம் கூடும்மா. சம்மதமா?"

"கூடட்டும்."

ஒருக்களித்தாள். காற்று மறுபடி ஏறியது. வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் பல்லையும் சேர்த்துக் கடித்துக்கொண்டாள். கட்டில் மெஷினின் வளையத்துக்குள் போய்த் திரும்பியது.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "சதைதாம்மா. சின்னதாத்தான் இருக்கு. கேமராக் குழாய் விட்டு எடுத்துடலாம். என்ன சதைன்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப எடுக்கறீங்க?" என்றாள் அவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

வலப்பக்கம் ஒருக்களித்ததும் இடப்பக்க வளைவு குகை மாதிரி விரிந்திருந்தது. வெள்ளைக் கழிவெல்லாம் சரிந்து கீழே தேங்கியிருந்தது. சாம்பல் நிறத்தில், பருப்பளவில் அந்த மேடு மட்டும் விழாமல் சுவரிலேயே நின்றது.