மண் அள்ளிப் போனவள்

ஜெர்மனியில் ஆறு வருடம் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு குவான் ரூயிங் எங்கள் ஊருக்குத் திரும்பியது யாருக்கும் பிடிபடவில்லை. அவ்வளவு படித்தவர்கள் ஷாங்காயில் அல்லவா இருப்பார்கள்? இவள் முழங்கால் சேற்றில் நின்று, வயல் வயலாக மண்ணைப் பைகளில் அள்ளினாள்.

நான் ஊர்க் கமிட்டி எழுத்தர். செயலாளர் யாங் என்னைக் கூப்பிட்டார்.

"அவ யாருக்கு மண்ணு அள்றான்னு பாரு. வெளிநாட்டுக்காரன் சும்மாவா படிக்க வச்சான்?"

"அவங்கப்பா பன்னி வித்துல்ல அனுப்புனாரு, அண்ணே?"

"பன்னி வித்தா பிளேன் டிக்கெட்டுக்கே பத்தாது. போ."

பின்தொடர்ந்தேன். மாகாணத் தலைநகர் சாங்ஷாவுக்குப் பார்சல் அனுப்பினாள். புரியாத மொழியில் ஃபோன் பேசினாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் வரப்பில் சட்டென்று திரும்பினாள்.

"லியாவ் அண்ணே, பின்னாடியேதான் வரீங்க, இந்தப் பையத் தூக்கிட்டு வாங்களேன்."

தூக்கினேன். சந்தேகம் மட்டும் குறையவில்லை. அவள் அப்பாவே என்னிடம் புலம்பினார்: "வந்ததுலேர்ந்து வீட்டுச் சோத்தத் தொடமாட்டேங்குறா. ஏன்னு கேட்டா, பொறுங்கப்பாங்குறா."

காரணத்தை அவள் ஊர்க் கூட்டத்தில்தான் சொன்னாள். மேலே இருக்கும் சுரங்கத்துத் தண்ணீரால் வயலில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறியிருக்கிறது, அரிசி விஷம்.

"நம்ம அரிசி விலையக் கெடுக்க எவன்கிட்ட வாங்குன?" என்று ஒருவன் கத்தினான். யாங் என் குறிப்பைப் படித்துக் காட்டினார்: பார்சல், ஃபோன், தேதி.

ரூயிங் என்னைப் பார்த்தாள். "பார்சல் பரிசோதனைக்கு. ஃபோன் ஜெர்மனியில இருக்குற என் வாத்தியாருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, அண்ணே."

மறுநாள் ஊரை விட்டுப் போய்விட்டாள். அவள் அப்பா வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாவட்டத்து ஆட்கள் வந்து அதே வயல்களில் மண் எடுத்தார்கள். முடிவை யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் யாங் வீட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. மூட்டைகளை இறக்க நானும் கை கொடுத்தேன். எல்லாம் வடக்கத்தி அரிசி.

"நம்ம அரிசிக்கு என்ன அண்ணே?"

"வாய மூடிட்டுத் தூக்கு."

அன்று மாலையே ரூயிங்குக்கு ஃபோன் செய்தேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. என் வயலில் காட்மியம் எவ்வளவு என்று சொன்னாள். "பாப்பாவுக்கு அந்தச் சோத்த இன்னிக்கே நிறுத்திடுங்க" என்றாள்.

அடுப்படிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அவ வெளிநாட்டுக்காரனோட ஆளுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இப்ப அவ பேச்ச நம்பச் சொல்றீங்களா?"

மகள் சோற்றுக்குக் கிண்ணத்தை நீட்டினாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.